உள்காது அழற்சிக்குப் பின்: தலைசுற்றலிலிருந்தும் செவித்திறன் இழப்பிலிருந்தும் மீளும் வழி

உள்காதில் தொற்றோ அழற்சியோ ஏற்பட்டவர் இரண்டு துன்பங்களை ஒரே நேரத்தில் சந்திக்கிறார். அறையே சுழல்வதுபோன்ற தலைசுற்றல் ஒன்று. ஒரு காதில் ஒலி மங்கிப்போவது அல்லது அடியோடு நின்றுபோவது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டாலும் அவை குணமாகும் விதம் ஒன்றல்ல. செவித்திறனைக் காப்பாற்ற மருந்துக்குக் கிடைக்கும் காலம் முதல் சில நாட்கள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரங்கள். அதன்பின் சிகிச்சையின் பலன் வேகமாகக் குறைகிறது. தலைசுற்றலின் கணக்கு இதற்கு நேர்மாறானது: முதல் இரண்டு மூன்று நாட்கள் ஓய்வும் மருந்தும் போதும், அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடக்கவேண்டிய வேலை நோயாளி தன் உடலை அசைத்துத் தானே செய்யவேண்டியது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காதடைப்பு தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்து நாட்களை இழக்கிறார்கள். தலைசுற்றலுக்கோ மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறார்கள். இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் இந்த இரண்டு காலக்கணக்குகளைச் சரியாகப் பின்பற்றுவதைப் பற்றியவையே.

காதுக்குள் நடப்பது

உள்காதில் இரண்டு உறுப்புகள் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொண்டு அருகருகே அமைந்திருக்கின்றன. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றுகிறது; மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றின் அடியிலுள்ள இரண்டு சிறு பைகளும் தலையின் சுழற்சியையும் சாய்வையும் உணர்கின்றன. இரண்டின் செய்திகளும் எட்டாவது மண்டை நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குச் செல்கின்றன. அழற்சி அந்த நரம்பின் சமநிலைக் கிளையை மட்டும் தாக்கினால் தலைசுற்றல் வரும், கேட்பதில் குறை இருக்காது. அதை வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்கிறார்கள். உள்காது முழுவதும் அழற்சிக்குள்ளானால் செவித்திறனும் சேர்ந்து குறையும், அது லேபிரிந்தைட்டிஸ். சளி, காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பிறகு வரும் வைரஸ் வகையே அதிகம். பொன்னுக்குவீங்கி, தட்டம்மை, அக்கி ஆகியவற்றின் வைரஸ்களும் உள்காதைத் தாக்கக்கூடியவை. பாக்டீரியா வகை அரிது, ஆனால் மிகக் கடுமையானது; அது நடுச்செவியில் தேங்கிய சீழிலிருந்தோ மூளையுறைக் காய்ச்சலிலிருந்தோ உள்ளே பரவுகிறது.

தலையை அசைக்காதபோதும் இரண்டு காதுகளின் சமநிலை உறுப்புகளும் இடைவிடாமல் சமமான துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன; மூளை அவற்றைத் தராசின் இரண்டு தட்டுகளைப்போல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு பக்கத்துத் துடிப்பு திடீரென்று குறைந்தால், தலை மறுபக்கமாகத் திரும்புகிறது என்றே மூளை புரிந்துகொள்கிறது. படுத்திருப்பவருக்கும் சுழல்வதுபோல் தோன்றுவதும், கண்கள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுப்பதும், குமட்டலும் வாந்தியும் அதனால்தான் வருகின்றன. பாதிக்கப்பட்ட காதின் துடிப்பு சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. பலருக்குப் பாதிதான் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதேயில்லை. ஆனாலும் அவர்களும் நடக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், ஏனென்றால் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. செவித்திறனுக்கு இப்படி ஒரு மாற்று ஏற்பாடு கிடையாது. காக்ளியாவில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்துபோனால் அவை மனிதருக்கு மறுபடி வளர்வதில்லை. முதல் பத்தியில் சொன்ன இரண்டு காலக்கணக்குகளும் வேறுபடுவதற்குக் காரணம் இதுவே.

உள்காதுதானா என்று முதலில் உறுதி செய்க

சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலும் இதே தலைசுற்றல் வரும். உள்காதுக்கு இரத்தம் தரும் சிறு தமனி பெரும்பாலும் சிறுமூளையின் ஒரு தமனியிலிருந்தே கிளைக்கிறது. ஆகையால் காது கேட்காமல் போனதை வைத்து மட்டும் இது காதுநோய்தான், பக்கவாதம் அல்ல என்று முடிவு செய்வது தவறு. பொருள்கள் இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, முகம் ஒரு பக்கம் தொங்குவது, கை காலில் பலவீனமோ மரத்துப்போதலோ ஏற்படுவது, விழுங்கச் சிரமப்படுவது, இதுவரை அறியாத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, பிடித்துக்கொண்டும்கூட நிற்கவோ உட்காரவோ முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், இதயத் துடிப்புக் கோளாறு உடையவர்களும் வயதானவர்களும், இந்தக் குறிகள் இல்லாவிட்டாலும், முதல் முறையாக வந்த கடும் தலைசுற்றலை அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதிகக் காய்ச்சலோடு கழுத்து விறைப்பும் வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதும் சேர்ந்தால் அது மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பயிற்சி பெற்ற மருத்துவர் நோயாளியின் தலையைப் பிடித்துச் சட்டென்று சிறிதளவு திருப்பிப் பார்ப்பதும், கண் இழுப்பின் திசையைக் கவனிப்பதும், ஒரு கண்ணை மூடி மற்றொன்றைத் திறந்து கண்களின் மட்டத்தைச் சோதிப்பதும் காதுநோயைப் பக்கவாதத்திலிருந்து பிரித்தறியத்தான். சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிட முடியாது. மூளையின் பின்பகுதியில் புதிதாக ஏற்பட்ட அடைப்பு அதில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்கூட முதல் ஓரிரு நாட்களில் சில வேளைகளில் அதைத் தவறவிடுகிறது. எனவே ஸ்கேன் அறிக்கை எவ்வளவு முக்கியமோ, கண் அசைவைக் கவனித்துப் பார்க்கும் மருத்துவரின் பரிசோதனையும் அவ்வளவு முக்கியம்.

செவித்திறனுக்கான நாட்கள்

தலைசுற்றலின் கொடுமையில் காது கேட்காதது பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. வாந்தி நின்று எழுந்து உட்காரும்போதுதான் தொலைபேசியை அந்தக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிகிறது. அப்போதும் சளியால் அடைத்திருக்கிறது, இரண்டு நாளில் திறந்துவிடும் என்று தோன்றும். நடுச்செவியில் நீர் தேங்கினாலும் காதில் அழுக்கு அடைத்தாலும் இதே உணர்வுதான் இருக்கும் என்பதால் அப்படி நினைப்பது இயல்பு. வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகிப் பாருங்கள். அந்த ஒலி மந்தமான காதில் பலமாகக் கேட்டால் அடைப்பு வெளிக்காதிலோ நடுச்செவியிலோ இருக்க வாய்ப்பு அதிகம்; நல்ல காதின் பக்கமே ஒலி சாய்ந்தால் குறை உள்காதிலோ நரம்பிலோ இருக்கக்கூடும். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் பரிசோதனையின் தத்துவமும் இதுதான். முடிவு எதுவாக இருந்தாலும் இது மருத்துவரிடம் போவதற்கு மாற்று ஆகாது. போவதை விரைவுபடுத்த மட்டுமே உதவும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லும்போது ஆடியோகிராம் எடுக்கவேண்டும் என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். ஒலி புகாத அறையில் பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை வெவ்வேறு சுருதிகளில் எந்த அளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளந்து வரைவதே ஆடியோகிராம். அதில் வலது காதை வட்டக் குறியும் இடது காதைப் பெருக்கல் குறியும் காட்டும். கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம் என்று பொருள். மூன்று நாட்களுக்குள் அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் நரம்புவழிச் செவித்திறன் (உள்காதையும் செவி நரம்பையும் சார்ந்தது) குறைந்திருந்தால் அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்று வகைப்படுத்தி, அவசரமாகக் கவனிக்கவேண்டியதாகவே மருத்துவர்கள் கொள்கிறார்கள். இந்த முதல் ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதோடு ஒப்பிட்டே எடுக்கப்படும்.

இந்நிலையில் பொதுவாகத் தரப்படுவது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. பிரெட்னிசோலோன் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மிகாமல், 10 முதல் 14 நாட்கள் என்பது வழக்கமான அளவு. முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகத் தொடங்குவதே பயனுள்ளது. இதை எவரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, வயிற்றுப்புண், கிளாகோமா என்ற கண் அழுத்த நோய், காசநோய் ஆகியவை இருந்தால் மருந்தின் தீங்கு பெரிதாகலாம். அவற்றை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மாத்திரையால் பலன் கிடைக்காதவர்களுக்கும் செவிப்பறையின் வழியே நடுச்செவிக்குள் ஸ்டீராய்டை ஊசியால் செலுத்தும் முறை இருக்கிறது. நோய் தொடங்கி இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்குள் இதை முயன்று பார்க்கலாம் என்பதால், முதல் மருந்து கைகொடுக்கவில்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டியதில்லை.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்து மாறும். காதுமடலில் கொப்புளங்களும் அதே பக்கத்து முகத்தில் வாதமும் சேர்ந்து வந்தால் அது அக்கி வைரஸின் வேலை. அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் விரைவாகத் தேவை. காதிலிருந்து சீழ் வடிகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் பாக்டீரியாவைச் சந்தேகித்து இரத்த நாளம் வழியே ஆன்டிபயாட்டிக் தரவும், சில சமயம் அறுவை செய்யவும் நேரிடும். சாதாரண வைரஸ் வகைக்கு ஆன்டிபயாட்டிக்கால் எந்தப் பயனும் இல்லை. ஒரு காதில் மட்டும் நரம்புவழிக் குறை ஏற்பட்ட அனைவருக்கும் பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. செவி நரம்பில் மெதுவாக வளரும், புற்றுநோயல்லாத கட்டி சிலருக்கு இப்படித் திடீர் இழப்பாகவே முதலில் தலைகாட்டும் என்பதால் அதை வீண் செலவு என்று ஒதுக்கக் கூடாது.

எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. தொடக்கத்தில் இழப்பு மிதமாக இருந்தவர்களுக்கும், தாழ்ந்த சுருதிகளில் மட்டும் குறை ஏற்பட்டவர்களுக்கும் நம்பிக்கை அதிகம். இழப்பு மிகக் கடுமையாக இருந்தாலோ, கூடவே பலமான தலைசுற்றல் வந்திருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ முழுமையாகத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. திரும்புவதில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும். சிகிச்சை முடிந்ததும் ஒன்று, ஆறு மாதங்களுக்குள் மற்றொன்று என்று குறைந்தது இரண்டு ஆடியோகிராம்கள் மறுபடி எடுத்துக்கொள்வது முறை.

சுழற்சி கடுமையாக இருக்கும் முதல் நாட்கள்

சுழற்சி முதல் ஒன்றிரண்டு நாட்கள் உச்சத்தில் இருந்து, பிறகு படிப்படியாகத் தணியும். இந்த நாட்களில் வெளிச்சம் குறைந்த அறையில் படுத்திருக்கலாம்; பாதிக்கப்பட்ட காது மேற்புறம் இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பது பலருக்குச் சற்று இதமாக இருக்கிறது. கண்களை மூடிக்கொள்ளவேண்டும் என்று தோன்றினாலும், சுவரில் அசையாத ஒரு புள்ளியை உற்றுப் பார்ப்பது கண் இழுப்பைக் குறைத்துச் சுழற்சியை மட்டுப்படுத்தும். திரவத்தைச் சிறிது சிறிதாக, அடிக்கடி அருந்துங்கள். வாந்தியால் ஒன்றுமே தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் மருத்துவமனையில் இரத்த நாளம் வழியே திரவம் ஏற்றவேண்டும்.

ப்ரோக்ளோர்பெரசின், மெக்ளிசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் முதலிய மருந்துகள் சமநிலைச் செய்திகளை மழுங்கடித்துத் தலைசுற்றலையும் குமட்டலையும் அடக்குகின்றன. முதல் மூன்று நாட்களுக்கு அவை பெரும் உதவி. அதற்கு மேல் தொடர்வதில்தான் சிக்கல் இருக்கிறது. மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்வதற்குப் பிழையான செய்தி வந்துகொண்டே இருக்கவேண்டும். அந்தச் செய்தியையே மருந்து மறைத்துவிட்டால் திருத்தம் தள்ளிப்போகிறது. தூக்கக் கலக்கமும், வயதானவர்களுக்கு விழுந்துவிடும் அபாயமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. சிலவற்றை நீண்ட காலம் உட்கொண்டால் கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரலாம். மருந்துச்சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதப்பட்டிருந்தால், எந்த நாளோடு நிறுத்தலாம் என்று நீங்களே கேட்பது நல்லது. பீட்டாஹிஸ்டின் வேறு வகையைச் சேர்ந்தது, சுழற்சியும் காதிரைச்சலும் விட்டுவிட்டு வரும் மெனியர் என்ற உள்காது நோய்க்கு முக்கியமாகத் தரப்படுவது. அதுவும் பின்னால் சொல்லப்போகும் பயிற்சிகளுக்கு ஈடாகாது.

எழுந்து நடக்கும்போது விழாமல் இருப்பதே இந்த நாட்களின் முதல் கவலை. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் புரண்டு, பின்பு கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து எழவேண்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும், ஏனென்றால் இருட்டில் கண்ணின் உதவியும் போய்விட்டால் உடல் நிமிர்ந்து நிற்கப் பாதங்களின் உணர்வு ஒன்றே மிஞ்சுகிறது.

மூளையைப் பழக்கும் பயிற்சிகள்

வாந்தி நின்று, தாங்கிப் பிடித்தாவது உட்காரவும் நிற்கவும் முடிகிற நாளில் பயிற்சி தொடங்கவேண்டும். பெரும்பாலும் அது மூன்றாவது அல்லது நான்காவது நாளாக இருக்கும். அசைந்தால் சுற்றுகிறது, ஆகவே அசையாமல் இருப்பேன் என்பது இயல்பான எண்ணந்தான். ஆனால் மீட்சியை மிக அதிகமாகத் தாமதப்படுத்துவதும் அந்த எண்ணமே. 1940களில் பிரிட்டனில் டெரன்ஸ் காதோர்ன் என்ற காது மருத்துவரும் குக்சி என்ற மருத்துவரும், உள்காது பாதிக்கப்பட்டவர்களில் சுறுசுறுப்பாக நடமாடியவர்கள் விரைவில் தேறியதைக் கவனித்து, கண், தலை, உடல் அசைவுகளைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி முறை ஒன்றை வகுத்தார்கள். இன்றைய சமநிலைப் புனர்வாழ்வுப் பயிற்சிகள் அதன் வழியில் வளர்ந்தவை. இத்துறையில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அருகில் கிடைத்தால் அவரிடம் ஒருமுறையாவது முறையைச் சரிபார்த்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது. கிடைக்காதவர்களும் கீழ்க்கண்டவற்றை வீட்டில் செய்யலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சி. தலை அசையும்போது கண்ணை எதிர்த்திசையில் சமமாகத் திருப்பி, பார்ப்பதைத் தெளிவாக வைத்திருப்பது உள்காதின் வேலை; அது கெட்டதால்தான் நடக்கும்போது பெயர்ப்பலகைகள் குதிப்பதுபோலவும், தலையைத் திருப்பினால் காட்சி தாமதமாக வந்து சேர்வதுபோலவும் தோன்றுகிறது. ஓர் அட்டையில் விரல்நுனி அளவில் ஓர் எழுத்தை எழுதி, கை நீட்டும் தூரத்தில் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி அந்த எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் சிறு வீச்சில் திருப்பவேண்டும். எழுத்து மங்கத் தொடங்கும் வேகம் எதுவோ அதற்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஒரு நிமிடம் செய்து, சிறிது ஓய்ந்து, பிறகு தலையை மேலும் கீழுமாக அசைத்து ஒரு நிமிடம் செய்யுங்கள். மெதுவாக, எழுத்து கொஞ்சமும் அசையாதபடி செய்தால் மூளைக்குத் திருத்த ஒன்றுமில்லை. எழுத்து கலைந்து ஓடும்படி வேகமாகச் செய்தாலும் பயனில்லை. நோய் புதிதாக இருக்கையில் நாளுக்குக் குறைந்தது மூன்று வேளையாகப் பிரித்து மொத்தம் 12 நிமிடங்கள், நாள்பட்டுப்போனவர்களுக்கு 20 நிமிடங்கள் என்பது பயிற்சி வல்லுநர்கள் தரும் அளவு. முதல் நாளே இந்த அளவை எட்டவேண்டியதில்லை. உட்கார்ந்து செய்வது எளிதானதும் நின்றும், பிறகு பாதங்களை ஒட்டி வைத்தும், பிறகு கோடுகளும் கட்டங்களும் நிறைந்த பின்னணிக்கு எதிரே அட்டையை ஒட்டியும், கடைசியாக எழுத்தை நோக்கி நடந்துகொண்டும் செய்யலாம். அதுவும் பழகியபின் அட்டையைக் கையில் பிடித்து, தலை ஒரு பக்கம் திரும்பும்போது அட்டையை மறுபக்கம் நகர்த்துவது அடுத்த படி.

இரண்டாவது, நிற்கும் பயிற்சி. அறையின் மூலையில் முதுகு சுவரை நோக்கியிருக்க, முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நின்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழமாட்டீர்கள். பாதங்களை ஒட்டி வைத்து 30 விநாடி நிற்பதில் தொடங்கி, கண்ணை மூடி நிற்பது, ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மற்றதன் விரல்கள் இருக்கும்படி நிற்பது, மெத்தென்ற தலையணைமேல் நிற்பது என்று கடினத்தைக் கூட்டுங்கள். தலையணைமேல் நின்று கண்ணையும் மூடும்போது பாதம், கண் என்ற இரண்டு சாட்சிகளும் வலுவிழக்கின்றன, மூளை உள்காதையே நம்பவேண்டியிருக்கிறது; அதனால்தான் அது அவ்வளவு கடினமாகவும் அவ்வளவு பயனுள்ளதாகவும் இருக்கிறது. இதைச் செய்யும்போது அருகில் ஒருவர் இருக்கட்டும்.

மூன்றாவது, நடை. வீட்டுக் கூடத்தில் தொடங்கி, பிறகு வெளியில், ஒவ்வொரு நாளும் சற்று அதிகமாக நடந்து, நடக்கையிலேயே இடமும் வலமும் பார்க்கப் பழகவேண்டும். குறிப்பிட்ட ஓர் அசைவு மட்டும் சுற்றலைத் தருமானால், உதாரணமாகக் குனிந்து நிமிர்வதோ வேகமாகத் திரும்புவதோ, அதைத் தவிர்க்காமல் சில முறை வேண்டுமென்றே செய்து, சுற்றல் அடங்கக் காத்திருந்து மறுபடி செய்யலாம்.

பயிற்சியால் தலைசுற்றல் சற்று அதிகரிக்கத்தான் வேண்டும். கொஞ்சமும் அதிகரிக்கவில்லை என்றால் பயிற்சி போதவில்லை. செய்து முடித்து 15 முதல் 20 நிமிடங்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் மறுநாள் வேகத்தையும் நேரத்தையும் குறைக்கவேண்டும், நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு அன்றாட வேலைகளுக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும். இருட்டிலும் மேடுபள்ளமான தரையிலும் உறுதியோடு நடக்க மாதங்கள் ஆகலாம். நீண்ட அலமாரி வரிசைகளைக் கொண்ட பெரிய கடை, நெரிசலான நிலையம், வேகமாக ஓடும் திரைக்காட்சி, கைபேசியில் விரலால் ஓட்டும் பக்கங்கள் ஆகியவை கடைசிவரை தொல்லை தருவதுண்டு. காதின் செய்தி நம்பகமற்றுப் போனதால் மூளை கண்ணை அளவுக்கு மீறிச் சார்ந்துவிட்டதே இதற்குக் காரணம். இதற்கும் மருந்து, சிறிது சிறிதாக அவற்றுக்குள் போய் வருவதுதான்.

படுக்கையில் புரளும்போது வரும் வேறொரு சுழற்சி

ஓரளவு தேறிய பிறகு, படுக்கும்போதோ புரளும்போதோ மேலே அண்ணாந்து பார்க்கும்போதோ மட்டும், ஒரு நிமிடத்துக்குக் குறைவாக நீடிக்கும் கடும் சுழற்சி வந்தால் அது பழைய நோய் திரும்பியதல்ல. உள்காதுப் பையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் அழற்சியால் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்திருக்கலாம். இதற்கு மாத்திரையும் வேண்டாம், மேலே சொன்ன பயிற்சிகளும் போதா. மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்ளி முறை ஓரிரு அமர்வுகளிலேயே பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுகிறது. எந்தப் பக்கம், எந்தக் குழல் என்று தெரிந்த பிறகே அதைச் செய்யவேண்டும் என்பதால், காணொளியைப் பார்த்துத் தாமாகத் தொடங்குவதைவிட முதல் முறை மருத்துவரிடமே செய்துகொள்வது மேல்.

குறை மிஞ்சிய காதோடு

ஆறு மாத ஆடியோகிராமிலும் குறை அப்படியே இருந்தால் அது நிலைத்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆனால் உதவிக்கு அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளையும் அடையும் நேர வேறுபாட்டையும் ஒலியளவின் வேறுபாட்டையும் வைத்தே மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காது போனால் திசை தெரியாது, இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவதும் கடினமாகும். மாலையில் வரும் சோர்வுக்கு இந்தக் கூடுதல் முயற்சியும் ஒரு காரணம் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது. கூட்டத்தில் சுவரோரமாக, நல்ல காது பேசுபவரை நோக்கியிருக்கும்படி உட்காருங்கள். சாலையைக் கடக்கையில் ஒலியை நம்பாமல் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவேண்டும்.

ஓரளவு கேட்கும் திறன் எஞ்சியிருந்தால் சாதாரணச் செவித்துணைக் கருவியைச் சில வாரங்கள் அணிந்து பார்க்கலாம். சொற்கள் பலமாகக் கேட்டும் புரியவில்லை என்றால் குறை ஒலியின் அளவில் இல்லை, தெளிவில் இருக்கிறது. அப்போது பாதிக்கப்பட்ட பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவியோ, எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவியோ பயன்படும். ஒரு காது மட்டும் அடியோடு கேட்காதவர்களுக்கும் இப்போது, காக்ளியாவுக்குள் கம்பியைச் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைப் பொருத்துகிறார்கள். மூளையுறைக் காய்ச்சலால் செவித்திறன் இழந்தவர்கள் மட்டும் இதில் தாமதிக்கவே கூடாது, ஏனென்றால் அவர்களுக்குக் காக்ளியாவின் உட்பகுதி சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கி, கருவியின் கம்பியை உள்ளே செலுத்த இடமில்லாமல் போய்விடலாம்.

காதிரைச்சல் பெரும்பாலும் கூடவே வரும். அது முழு அமைதியில்தான் ஓங்கி ஒலிக்கும் என்பதால், தூங்கும்போது மின்விசிறியின் ஓசையோ மெல்லிய மழையோசையோ அறையில் இருக்கட்டும். காலப்போக்கில் பெரும்பாலோரின் மூளை அதைக் கவனிக்காமல் விடக் கற்றுக்கொள்கிறது. சாதாரண ஒலிகளே கூர்மையாகத் தைப்பதாக உணர்பவர்கள் எந்நேரமும் காதை அடைத்துக்கொள்வது தவறு. அது கூச்சத்தை அதிகமாக்கும். உண்மையிலேயே பலத்த ஒலியுள்ள இடத்தில் மட்டும் காதைக் காக்கவேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என்பது பல நாடுகளின் தொழிலிடங்களில் பின்பற்றப்படும் வரம்பு. ஒரே நல்ல காதை வைத்திருப்பவர் அதற்கும் கீழேயே நிற்பது அறிவுடைமை. வேறு நோய்க்கு, உள்காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் ஊசியோ சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோ தரப்படும் நிலை வந்தால், ஒரு காதின் திறன் ஏற்கெனவே போயிருப்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வண்டி, நீச்சல், உயரம்

தலையைச் சட்டென்று திருப்பியும் பார்வை கலங்காத நிலை வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது. சில நாடுகளில் திடீர்த் தலைசுற்றல் உள்ளவர் வண்டி ஓட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. ஏணி, கூரை, சுழலும் இயந்திரம் ஆகியவற்றுக்கும் இதே விதி. தண்ணீருக்குள் மூழ்கினால் பாதம் எதையும் தொடுவதில்லை, கண்ணுக்கும் மேல் கீழ் தெரிவதில்லை என்பதால், நன்றாகத் தேறிவிட்டதாக நினைப்பவர்களும் நெடுநாள் வரை தனியாக நீந்தக் கூடாது. மது சிறுமூளையையும் உள்காதையும் ஒருசேரக் குழப்பும். மீட்சிக் காலத்தில் அதை முற்றிலும் தவிர்ப்பதே சரி.

மீண்டும் தலைசுற்றினால்

தூக்கம் கெட்ட நாளிலும், காய்ச்சலிலும், மனச்சுமை மிகுந்த வாரத்திலும், நீண்ட பயணத்துக்குப் பிறகும் பழைய தள்ளாட்டம் தலைகாட்டுவது இயல்பு. மூளை செய்துகொண்ட திருத்தம் சற்று நெகிழ்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பார்வைப் பயிற்சியை மறுபடி சில நாட்கள் செய்தால் அது சரியாகிவிடும். சுழற்சி இல்லாமல், மிதப்பதுபோலவும் ஆடுவதுபோலவும் ஓர் உணர்வு மூன்று மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் அது தனியொரு கோளாறாக மாறியிருக்கலாம். விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அதை வளர்க்கிறது என்றாலும் அது வெறும் மனப்பிரமை அல்ல. பயிற்சியோடு மனநலச் சிகிச்சையும் சில மருந்துகளும் அதில் பலன் தருகின்றன. ஆனால் மணிக்கணக்கில் நீடிக்கும் சுழற்சி மறுபடி மறுபடி வந்து, ஒவ்வொரு முறையும் காதில் அடைப்பும் இரைச்சலும் ஏறி இறங்கினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். லேபிரிந்தைட்டிஸ் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வருவது மிக அரிது. ஆகவே சுழற்சி அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு நேரம், எந்தக் காதில் என்று குறித்துக்கொண்டு, முதல் ஆடியோகிராமையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். நல்ல காதில் திடீரென்று ஒலி மங்கினால் மட்டும் குறித்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றே போய்விடுங்கள்.